தடுத்தால்தான் தெரியும்

'ஆட்டோஃபேஜி' என்ற ஆய்விதழ் 2021ஆம் ஆண்டின் முதல் இதழில் ஒரே கட்டுரைக்கு 382 பக்கம் ஒதுக்கியது. எழுதியவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களின் பெயர்களும் அவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களின் விவரமும் மட்டுமே பக்கம் பக்கமாக நீண்டன. இத்தனை பேர் சேர்ந்து எழுதியும் அதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஒரு செல்லுக்குள் ஆட்டோஃபேஜி நடக்கிறதா, நடந்தால் எவ்வளவு நடக்கிறது என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்பது, பார்த்ததைத் தவறாகப் படிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் மொத்தக் கட்டுரையும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் கிளியான்ஸ்கி முன்னின்று தொகுத்த இந்த வழிகாட்டியின் முதல் பதிப்பு 2008இல் வந்தபோது 25 பக்கம்தான் இருந்தது. 2012இல் அது 100 பக்கமானது, 2016இல் 222.

ஒன்றை அளப்பதற்கான வழிகாட்டி பதிமூன்றே ஆண்டில் பதினைந்து மடங்கு பெருத்திருக்கிறது என்றால், ஒன்று அந்தத் துறை வேகமாக வளர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் அளப்பதில் தவறுகள் மலிந்திருக்க வேண்டும். ஆட்டோஃபேஜியைப் பொறுத்தவரை இரண்டுமே நடந்தன.

செல் தன் உடம்பின் ஒரு பகுதியைத் தானே தின்று செரிப்பதுதான் ஆட்டோஃபேஜி. பழுதான மைட்டோகாண்ட்ரியா, திரண்டு கட்டியாகிவிட்ட புரதம், வெளியிலிருந்து நுழைந்த பாக்டீரியா எல்லாம் இதற்கு இரை. பட்டினி நேரத்தில் நல்ல நிலையில் இருக்கும் பொருள்களும் தப்புவதில்லை. முதலில் பிறை வடிவத்தில் ஒரு சவ்வு முளைக்கிறது. அது இரையைச் சுற்றி வளைந்து, விளிம்புகள் ஒட்டிக்கொண்டு, இரட்டைச் சவ்வு கொண்ட பையாகிறது. ஆட்டோஃபேகோசோம் என்று அதற்குப் பெயர். குறுக்களவு அரை மைக்ரோமீட்டரிலிருந்து ஒன்றரை மைக்ரோமீட்டர் வரை இருக்கும். பிறகு இந்தப் பை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைகிறது. உள்ளே அகப்பட்டது கரைந்து, அமினோ அமிலமாகவும் பிற மூலப்பொருளாகவும் செல்லுக்கே திரும்பக் கிடைக்கிறது. எல்லாம் வெகு வேகமாக நடந்து முடிந்துவிடும். எலியின் கல்லீரலில், எந்த ஒரு நேரத்திலும் இருக்கும் பைகளில் பாதி சுமார் பத்து நிமிடத்துக்குள் மறைந்துவிடுகின்றன.

அளப்பவருக்குத் தலைவலி தருவது இந்த வேகம்தான். தோன்றும்போதே மறைந்துகொண்டிருக்கும் ஒன்றை எண்ணுவது எப்படி?

இந்தத் துறையின் பிறப்பே ஓர் அளவு சரியாக வராததில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் 1949இல் ஆராய்ந்துகொண்டிருந்தது இன்சுலினை. கல்லீரலில் அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய, எலியின் கல்லீரலைக் கூழாக்கி, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய குழுவின் வழக்கம். அமில பாஸ்ஃபடேஸ் என்ற நொதி அவர்களின் முதன்மை நோக்கத்தில் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே அதை அளந்தார்கள். வேகமாகச் சுழலும் பிளெண்டரில் அரைத்த கூழில் அந்த நொதி முழு வீச்சில் வேலை செய்தது. கண்ணாடிக் குழாயில் மென்மையாகக் கூழாக்கியபோது எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் தென்பட்டது. அதே கூழைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், காணாமல் போன வேகம் திரும்பியிருந்தது.

கணக்கில் பிழை என்று ஒதுக்கிவிட எல்லா நியாயமும் இருந்தது. டி டூவ் ஒதுக்கவில்லை. நொதி ஏதோ ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை பழசாகிக் கிழியும்போது வெளியே வருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்தப் பைக்கு 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு அலெக்ஸ் நோவிகாஃப் லூவேனுக்கு வந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் படம் பிடித்தார். 1963இல் லண்டனில் சிபா அறக்கட்டளை நடத்திய லைசோசோம் கருத்தரங்கில் ஆட்டோஃபேஜி என்ற சொல்லை டி டூவ் முன்வைத்தார். 1974இல் நோபல் பரிசு, ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே ஆகியோருடன் பகிர்ந்து.

லைசோசோம் தெரியவந்த பிறகான கால் நூற்றாண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் காலம். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ஆஷ்ஃபோர்டும் கீத் போர்ட்டரும் 1962இல் குளுக்ககான் செலுத்திய எலிக் கல்லீரலில், சவ்வுக்குள் சிக்கிச் சிதைந்துகொண்டிருந்த மைட்டோகாண்ட்ரியாவைப் படமெடுத்திருந்தார்கள். பட்டினி நேரத்தில் சுரக்கும் குளுக்ககான் இந்தப் பைகளைப் பெருக்குகிறது என்பதை 1967இல் டி டூவும் ரஸல் டெட்டரும் உறுதிசெய்தார்கள். இன்றும் இரட்டைச் சவ்வை நேரில் காட்டக்கூடிய கருவி எலக்ட்ரான் நுண்ணோக்கிதான். ஆனால் அதில் வைக்கும் திசுச் சீவல் நூறு நானோமீட்டரைவிட மெல்லியது. ஒரு செல்லின் மிகச் சிறு பங்கைத்தான் ஒரு படம் காட்டும். போதாக்குறைக்கு, படத்தில் தெரிவது ஆட்டோஃபேகோசோமா, வீங்கிய மைட்டோகாண்ட்ரியாவா, வேறு ஏதாவது மடிந்த சவ்வா என்பதைப் பழகிய கண்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

அதே காலத்தில் கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொண்டு இன்னொரு வழியிலும் முயன்றார்கள். வேலின் போன்ற அமினோ அமிலத்தைக் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்டு செல்லுக்குக் கொடுத்தால், அது புதிதாக உருவாகும் புரதங்களில் ஏறிக்கொள்ளும். குறுகிய ஆயுள் கொண்ட புரதங்கள் சிதைந்து தீரும் வரை காத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு எவ்வளவு கதிரியக்க வேலின் வெளியே வருகிறது என்று அளந்தால், நீண்ட ஆயுள் கொண்ட புரதங்கள் எந்த வேகத்தில் கரைகின்றன என்பது தெரியும். அமெரிக்காவில் கிளென் மார்ட்டிமோரும் நார்வேயில் பேர் செக்லனும் புரதம் சிதையும் வேகத்தை அளப்பதையே பல ஆண்டு வேலையாக வைத்திருந்தார்கள். பட்டினி போட்ட எலியின் கல்லீரல் மணிக்குத் தன் புரதத்தில் நான்கு ஐந்து சதவீதம் வரை கரைக்கிறது என்ற கணக்கு இப்படிப்பட்ட அளவீடுகளிலிருந்து கிடைத்ததுதான். கண்ணுக்கு அழகான படம் எதுவும் தராத முறை. கதிரியக்கக் கழிவின் தொல்லை வேறு. ஆனாலும் எவ்வளவு தின்னப்பட்டது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன முறை அதுதான். பின்னால் வந்த பளபளப்பான முறைகள் பலவற்றுக்கு அந்த நேர்மை இல்லை.

யோஷினோரி ஓசுமி 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. அதற்கு முன் நியூயார்க்கில் ஜெரால்ட் எடல்மனிடம் வேலை பார்த்திருந்தார். பெரிய பெயர் எதுவும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட். ரொட்டி உப்பவும் மது நொதிக்கவும் உதவும் அதே ஈஸ்ட்தான். ஈஸ்ட் செல்லில் லைசோசோமின் வேலையைச் செய்வது வேக்குவோல் என்ற பெரிய பை. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அது தெளிவாகத் தெரியும். வேக்குவோலைக் குப்பைத்தொட்டி என்று கருதிப் பலரும் ஒதுக்கியிருந்த காலம் அது. போட்டி இல்லாத இடம் என்பதே ஓசுமிக்கு அதன் கவர்ச்சி.

நைட்ரஜன் கிடைக்காத ஈஸ்ட் தன் புரதத்தையே சிதைத்துத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்பது அப்போதே தெரியும். அந்தச் சிதைவு வேக்குவோலில் நடந்தால், அங்கே ஏதாவது வந்து சேர வேண்டும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் எதுவும் தெரியாது. வந்த பொருள் வந்த கணமே கரைந்துவிடும். ஓசுமி செய்தது இதுதான்: வேக்குவோலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகைகளை எடுத்து, நைட்ரஜன் இல்லாத கரைசலில் போட்டார். வரும் பாதையை விட்டுவிட்டார், போகும் பாதையை அடைத்துவிட்டார். சில மணி நேரத்தில் வேக்குவோல் முழுக்கச் சிறு உருண்டைகள் நிறைந்து, ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. இந்த ஆய்வு 1992இல் வெளியானது. ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தின் மிசுசு பாபா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்கள், அந்த உருண்டைகள் சவ்வில் பொதிந்த சைட்டோபிளாசம் என்பதைக் காட்டின.

உருண்டை தெரிந்துவிட்டால், உருண்டை சேராத ஈஸ்டைத் தேடலாம். மரபணுக்களைத் தாறுமாறாகக் கெடுத்து, ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். முதலில் சிக்கிய ஒரு வகை, பட்டினியில் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்தது. அதுவே தேடலை எளிதாக்கும் வடிகட்டியானது. செத்த செல்லைச் சிவப்பாக்கும் புளோக்சின் சாயத்தால் பட்டினி தாங்காத கூட்டங்களை முதலில் பிரித்துக்கொண்டு, அவற்றை மட்டும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மாணவி மிகி ட்சுகாடாவும் ஓசுமியும் 1993இல் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்களே கொண்டது. ஆட்டோஃபேஜிக்குத் தேவையான 15 மரபணுக்கள் அதில் இருந்தன. ஜெர்மனியில் மைக்கேல் தும், அமெரிக்காவில் கிளியான்ஸ்கி ஆகியோரின் குழுக்களும் வேறு வழிகளில் இதே மரபணுக்களைத் தொட்டுவிட்டிருந்தன. ஒரே மரபணுவுக்கு மூன்று பெயர் என்ற குழப்பம், 2003இல் எல்லாவற்றுக்கும் ஏடிஜி என்ற பொதுப் பெயர் வைத்த பிறகுதான் தீர்ந்தது. 2016இல் மருத்துவ நோபல் ஓசுமி ஒருவருக்கே கிடைத்தது.

ஈஸ்டில் கிடைத்த மரபணுக்கள் மனிதச் செல்லிலும் இருக்கின்றன என்று தெரிந்ததும், பாலூட்டிகளின் செல்லில் ஆட்டோஃபேஜியை அடையாளம் காட்டும் ஒரு குறி தேவைப்பட்டது. 2000இல் தமோட்சு யோஷிமோரியும் சக ஆய்வாளர்களும் அதைக் கொடுத்தார்கள். எல்சி3 என்ற புரதம் வழக்கமாகச் செல் முழுக்கப் பரவிக் கிடக்கும். ஆட்டோஃபேகோசோம் உருவாகும்போது எல்சி3யின் நுனியில் ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒட்டிக்கொள்ள, அது சவ்வில் போய் அமர்கிறது. பரவிக் கிடப்பதை எல்சி3-1 என்றும் சவ்வில் அமர்ந்ததை எல்சி3-2 என்றும் சொல்வார்கள். எல்சி3யோடு பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தைக் கோத்துவிட்டால், மங்கலான பச்சைப் படலம் புள்ளி புள்ளியாகத் திரள்வதை நுண்ணோக்கியில் காணலாம். ஒரு புள்ளி ஓர் ஆட்டோஃபேகோசோம். எண்ணுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? நொபோரு மிசுஷிமா செல் எல்லாம் இப்படி ஒளிரும் எலிகளையே உருவாக்கினார்.

நுண்ணோக்கிக்கு அடுத்தபடி எல்லா ஆய்வகத்திலும் நடப்பது வெஸ்டர்ன் பிளாட். செல்களைக் கரைத்துப் புரதத்தை எடுத்து, ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால், சிறியது முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். பிறகு ஜெல்லில் உள்ளதை மெல்லிய சவ்வுத்தாளுக்கு மாற்றி, எல்சி3ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் அடையாளம் கண்டால், இரண்டு பட்டைகள் தோன்றும். மேலே 18 கிலோ டால்டன் அளவில் எல்சி3-1, கீழே 16 அளவில் எல்சி3-2. கொழுப்பு ஒட்டியதால் எடை கூடியது எல்சி3-2தான். ஆனாலும் ஜெல்லில் அது முன்னே ஓடிவிடுகிறது. புதிதாக வரும் மாணவர்கள் இரண்டு பட்டைகளையும் மாற்றிப் படிப்பது இதனால்தான். இத்தனை சிறிய புரதம், சவ்வுத்தாளின் துளை பெரிதாக இருந்தால் அதையும் கடந்து போய்விடும். 0.45 மைக்ரான் தாளுக்குப் பதில் 0.2 மைக்ரான் தாளை எடுப்பது அனுபவசாலிகளின் பழக்கம். போதாதென்று, பல ஆன்டிபாடிகள் எல்சி3-2ஐப் பிடிக்கும் அளவுக்கு எல்சி3-1ஐப் பிடிப்பதில்லை. மாதிரியை உறையவைத்து உருக்கினால் எல்சி3-1 சிதையவும் செய்யும். எனவே இரண்டு பட்டைகளின் விகிதத்தைக் கணக்கிடுவது தப்பான விடைக்கு நேர்வழி. மிசுஷிமாவும் யோஷிமோரியும் 2007லேயே இதை விளக்கி எழுதினார்கள். அந்த விகிதம் இன்னும் பல கட்டுரைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். சரியாகாத சிக்கல் வேறு. எல்சி3-2 கூடினால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று அர்த்தமா?

பொங்கல் விடுமுறையில் ஒரு டோல்கேட்டுக்கு மேலே நின்று படம் எடுத்தால் நூற்றுக்கணக்கான வண்டிகள் தெரியும். ஊருக்குப் போகும் கூட்டம் கூடியதால் இருக்கலாம். டோல்கேட்டில் இயந்திரம் மக்கர் செய்து வண்டி நகராததாலும் இருக்கலாம். படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கேட்டைச் சிறிது நேரம் அடைத்துவிட்டு, அந்த நேரத்தில் எத்தனை வண்டி புதிதாக வந்து சேர்கிறது என்று எண்ணினால்தான் சாலையின் உண்மையான போக்குவரத்து தெரியும். எல்சி3-2வும் அப்படித்தான். பையின் உட்சவ்வில் ஒட்டியிருக்கும் எல்சி3-2 லைசோசோமுக்குப் போனதும் இரையோடு சேர்ந்து தானும் கரைகிறது. பைகள் அதிகம் உருவானாலும் அது கூடும், உருவானவை கரையாமல் தேங்கினாலும் கூடும். சில மணி நேரப் பட்டினியில், கரையும் வேகம் மிஞ்சிவிடுவதால் குறையக்கூடச் செய்யும்.

கேட்டை அடைக்கும் மருந்து பாஃபிலோமைசின் ஏ1. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர் தரும் பொருள் அது. லைசோசோமுக்குள் அமிலத்தை ஏற்றும் புரோட்டான் பம்பை நிறுத்துகிறது. அமிலம் இல்லாமல் நொதிகள் வேலை செய்யா. பைகளும் லைசோசோமும் இணைவதும் தடைப்படுகிறது. ஆகவே ஒழுங்கான சோதனையில் குறைந்தது நான்கு மாதிரிகள் வேண்டும்: சாதாரணச் செல், மருந்தோ பட்டினியோ கொடுத்த செல், இவை இரண்டும் பாஃபிலோமைசினோடு ஒரு முறை. உதாரணத்துக்கு, சாதாரணச் செல்லில் எல்சி3-2 அளவு 1 என்றும், பட்டினியில் 3 என்றும் வைத்துக்கொள்வோம். பாஃபிலோமைசின் சேர்த்தால் முதலாவது 4 ஆகிறது, இரண்டாவது 9. கரைந்திருக்க வேண்டியது முதலாவதில் 3, இரண்டாவதில் 6. பட்டினியில் ஓட்டம் இரட்டிப்பாகியிருக்கிறது. இனி ஒரு புதிய மருந்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் 1ஐ 3 ஆக்குகிறது. ஆனால் பாஃபிலோமைசின் சேர்த்தாலும் 3லேயே நிற்கிறது. அந்த மருந்து ஆட்டோஃபேஜியைக் கூட்டவே இல்லை, முடக்கியிருக்கிறது. முதல் இரண்டு மாதிரிகளை மட்டும் பார்த்தவர் இரண்டுக்கும் ஒரே முடிவைத்தான் எழுதியிருப்பார்.

ஓசுமி ஈஸ்டில் மரபணு வழியாகச் செய்ததை இங்கே ஒரு வேதிப்பொருள் செய்கிறது. முறை மாறியிருக்கிறது, உத்தி அதேதான்.

இந்த உத்தியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் துறையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. சாகும் செல்களில் ஆட்டோஃபேகோசோம்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து, ஆட்டோஃபேஜியே செல்லைக் கொல்கிறது என்ற கருத்து பல காலம் நிலவியது. 'ஆட்டோஃபேஜிச் சாவு' என்று பாடநூலில் தனி வகையே இருந்தது. அந்தப் பெயரே தவறு என்று கீடோ குரோமரும் பெத் லெவினும் 2008இல் வாதிட்டார்கள். பிறகு குரோமரின் குழு சுமார் 1,400 வேதிப்பொருள்களைச் சோதித்தது. புள்ளிகளைப் பெருக்கியவை பல. ஆட்டோஃபேஜி வழியாகச் செல்லைக் கொன்றது ஒன்றுகூடத் தேறவில்லை. பெரும்பாலும், சாகிற செல் பிழைப்பதற்காகக் கடைசியாகச் செய்து பார்க்கும் முயற்சிதான் நுண்ணோக்கியில் கொலைகாரனாகத் தெரிந்திருக்கிறது. (சில பூச்சிகளின் வளர்ச்சியில் ஆட்டோஃபேஜி உண்மையிலேயே செல்சாவுக்குக் கைகொடுக்கிறது. விதிவிலக்கு இல்லாத விதி உயிரியலில் அபூர்வம்.)

அல்சைமர் நோயின் கதை இன்னும் கனமானது. அந்த நோயாளிகளின் மூளையில் வீங்கிப்போன நரம்பு இழைகளுக்குள் ஆட்டோஃபேஜிப் பைகள் அடைந்து கிடப்பதை 2005இல் நியூயார்க்கின் ரால்ஃப் நிக்சன் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. அளவுக்கு மீறி உருவானதா, உருவானது போகாமல் நின்றதா? 2008இல் அதே குழுவினர் நரம்பு செல்களை வளர்த்துச் சோதித்தார்கள். ஆரோக்கியமான நரம்பு செல், உருவாகும் பைகளை மிக வேகமாகக் கரைத்துவிடுகிறது, எனவே அங்கே பைகளே அரிதாகத்தான் தெரியும். லைசோசோமின் செரிமானத்தைத் தடுத்தவுடன் நோயாளியின் மூளையில் கண்டது போன்ற காட்சி உருவானது. கரைப்பதில்தான் கோளாறு என்ற பக்கம் எடை கூடியது. சிகிச்சையைத் தேடுபவருக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. பாதை அடைபட்டிருக்கும்போது, பை உருவாவதைத் தூண்டும் மருந்து தேக்கத்தை அதிகமாக்கலாம்.

அடைக்கும் மருந்துகளும் அப்பழுக்கற்றவை அல்ல. பாஃபிலோமைசின் மைக்ரோகிராம் கணக்கில் விற்கும் விலை உயர்ந்த சரக்கு. கைக்கு அடக்கமான மாற்று குளோரோகுயின். மலேரியாக் காய்ச்சலுக்காக நம் வீடுகளில் முந்தைய தலைமுறை விழுங்கிய அதே கசப்பு மாத்திரை. லைசோசோமின் அமிலத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பைகள் லைசோசோமோடு இணைவதைத் தடுப்பதே அதன் முக்கியச் செயல் என்றும், கோல்கி உள்ளிட்ட செல்லின் பிற உறுப்புகளையும் அது கலைக்கிறது என்றும் 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. பை உருவாவதையே தடுக்க 3-மெத்தில் அடினின் என்ற பொருளை 1982இல் செக்லனும் பால் கோர்டனும் அறிமுகப்படுத்தினார்கள். இது இன்னும் விஷமத்தனம் கொண்டது. குறுகிய நேரம் கொடுத்தால் தடுக்கும். ஊட்டம் நிறைந்த கரைசலில் நீண்ட நேரம் விட்டால், தடுப்பதற்குப் பதில் தூண்டவே செய்யும். வழிகாட்டியின் ஒவ்வொரு பதிப்பும் மருந்தை மட்டும் நம்பாதீர்கள், ஏடிஜி மரபணுவை நீக்கியும் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். அதிலும் ஒன்றை நீக்கினால் போதாது, இரண்டு மூன்று வேண்டும். இந்த மரபணுக்கள் பலவற்றுக்கு ஆட்டோஃபேஜிக்கு வெளியேயும் வேலை இருக்கிறது.

எதையும் தடுக்காமல் ஓட்டத்தைப் பார்க்க முடியாதா என்ற ஏக்கத்தில் பிறந்தவை இரட்டை நிறக் குறிகள். யோஷிமோரியின் குழு 2007இல் எல்சி3யில் பச்சையும் சிவப்பும் ஆக இரண்டு ஒளிரும் புரதங்களை ஒன்றாகக் கோத்தது. பச்சைப் புரதம் அமிலத்தில் அணைந்துவிடும். சிவப்பு தாங்கும். அமிலம் படாத ஆட்டோஃபேகோசோமில் இரண்டும் சேர்ந்து மஞ்சள் புள்ளி. லைசோசோமோடு இணைந்ததும் சிவப்பு மட்டும். மஞ்சள் எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ணினால் பாதை திறந்திருக்கிறதா இல்லையா என்பது ஒரே படத்தில் தெரியும். 2016இல் மிசுஷிமாவின் குழு இன்னும் சாமர்த்தியமான ஒன்றைச் செய்தது. செல் தானே இரண்டு சம துண்டாக வெட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தை உள்ளே அனுப்பினார்கள். பச்சைத் துண்டு தின்னப்படும். சிவப்புத் துண்டு கொழுப்பு ஒட்ட முடியாதபடி திருத்தப்பட்டது, அதனால் தப்பித்துக் கணக்குக்கு நிற்கும். பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதம் குறையக் குறைய, அதிகம் தின்னப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தக் குறிகளிலும் பொறி உண்டு. வெளியிலிருந்து செலுத்தும் ஒளிரும் எல்சி3 அளவு மீறினால், ஆட்டோஃபேஜி துளியும் இல்லாத செல்லிலும் அது தானாகத் திரண்டு புள்ளியாகத் தெரியும்.

செல்லிலும் எலியிலும் இத்தனை பாடு என்றால், மனிதரில்?

வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஒரு செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோஃபேஜி தொடங்குகிறது, இதைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல், நம் முன்னோர் ஏகாதசி விரதத்தில் இதை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று அது போகும். ஓசுமியின் பரிசு பெற்ற ஆய்வில் மனிதரும் இல்லை, 16 மணி நேரமும் இல்லை. நைட்ரஜன் இல்லாத கரைசலில் கிடந்த ஈஸ்ட்தான் இருந்தது. தொடங்குகிறது என்ற சொல்லும் சரியில்லை. ஆட்டோஃபேஜி எப்போதும் குறைந்த அளவில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. நரம்பு செல்களில் மட்டும் அதை நிறுத்திய எலிகளுக்கு, வயிறார உணவு கிடைத்தும் நரம்புச் சிதைவு வந்ததை 2006இல் இரண்டு ஜப்பானியக் குழுக்கள் காட்டின.

பட்டினிக்கு உறுப்புகள் ஒரே மாதிரி பதில் சொல்வதும் இல்லை. மிசுஷிமாவின் ஒளிரும் எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டபோது கல்லீரலிலும் தசையிலும் புள்ளிகள் பெருகின. தசையிலேயே வேகமாகச் சுருங்கும் வகையும் மெதுவாகச் சுருங்கும் வகையும் வேறுபட்டன. மூளையில் மாற்றம் தெரியவில்லை. 2010இல் வேறொரு குழு எலியின் நரம்பு செல்களிலும் பெருக்கம் உண்டு என்று எழுதியது. எலிக்கு ஒரு நாள் பட்டினி உடல் எடையையே கணிசமாகக் குறைத்துவிடும் கடுமையான சோதனை. இரவு உணவைத் தவிர்க்கும் மனிதருக்கு அதை அப்படியே பொருத்துவது பொருந்தாது. மனிதத் தசையில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், உடற்பயிற்சிக்குப் பிறகு எல்சி3-2 குறைந்திருந்தது. வேகமாகக் கரைந்ததால் குறைந்ததா, குறைவாக உருவானதால் குறைந்ததா என்று அந்தத் துணுக்கை வைத்துச் சொல்ல இயலாது. அதைச் சொல்லக் கேட்டை அடைக்க வேண்டும். உயிருள்ள மனிதருக்கு பாஃபிலோமைசின் கொடுக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு குழு 2021இல் இதற்கு ஒரு சுற்றுவழியை வெளியிட்டது. ரத்தத்தை உடலிலிருந்து எடுத்து, குழாயிலேயே குளோரோகுயின் கலந்து, உடல் வெப்பநிலையில் சிறிது நேரம் வைத்து, பிறகு வெள்ளணுக்களைப் பிரித்து எல்சி3-2ஐ அளக்கிறார்கள். குளோரோகுயின் கலக்காத பங்கையும் அளந்து கழிக்கிறார்கள். சத்து நிறைந்த ரத்தத்திலேயே செல்கள் இருப்பதால், கழுவிப் பிரித்து வேறு கரைசலில் வளர்ப்பதால் வரும் குளறுபடி இதில் இல்லை. விரதம், உணவு, முதுமை பற்றி மனிதரிடம் ஓட்டத்தையே அளந்து கேள்வி கேட்க இது வழி திறந்திருக்கிறது. கிடைக்கும் எண் வெள்ளணுக்களுக்கு மட்டுமே உரியது. அதே நேரத்தில் கல்லீரலில் என்ன ஓட்டம் என்று கேட்க வேண்டுமானால் துணுக்கு எடுத்து, அதைச் சில மணி நேரம் உயிரோடு வைத்துத் தடுத்துப் பார்க்க வேண்டும். மூளையிடம் கேட்க இன்றைக்கு வழியில்லை.